தானே தோன்றும் ஒழுங்கு

ஒழுங்குள்ள பொருளொன்றைக் காணுமிடத்து, அதனை ஒழுங்குசெய்தான் ஒருவன் உளன் எனக் கருதுதல் மனித உள்ளத்தின் பழைய இயல்பாகும். குடத்தைக் கண்டு குயவனை உய்த்துணர்தல் தருக்க நூலார் எடுத்தாளும் உதாரணம். உலகியலில் இவ்வனுமானம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயின், தூண்டும் கையும் வகுத்த திட்டமுமின்றி, பல கூறுகள் தம்முள் ஒன்றையொன்று தாக்குதலாலேயே ஒழுங்கு பிறக்கும் நிகழ்ச்சிகளும் இயற்கையில் உள என்பதை இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் கண்டது. பௌதிகம், இரசாயனம், உயிரியல், கணிதம் என்னும் துறைகள் பலவற்றிலும் இது காணப்பட்டது. தன்னொழுங்கமைப்பு என இன்று வழங்கும் இக்கருத்து எளிதில் இடம்பெற்றதன்று. அதற்குக் கண்கூடான சான்று தந்த ஒருவரின் கட்டுரை, சான்று பொய் எனக் காட்டப்படாமலே, திருப்பி அனுப்பப்பட்டது. அவ்வரலாறு ஈண்டு ஆராயப்படும்.

தடையாக நின்றது ஒரு விதி. இன்னும் திருத்தமாகக் கூறின், ஒரு விதிக்குக் கொள்ளப்பட்ட பிழைப் பொருள். ஜெர்மானியப் பௌதிகவியலாளர் கிளவுசியசு 1865 ஆம் ஆண்டில் எந்திரப்பி என்னும் அளவினை வகுத்தார். பொருள்களின் சத்தி எவ்வளவு சிதறிப் பயன்படாதொழிந்தது என்பதை அவ்வளவு குறிக்கும். புறத்தொடர்பற்ற தொகுதியொன்றில் எந்திரப்பி குறைவதில்லை என்பது வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி. நீரில் இட்ட மைத்துளி பரவிக் கரையும். பரவிய மை மீண்டும் துளியாதல் இல்லை. இரசாயனத் தாக்கங்களும் அவ்வாறே ஒரு திசையிற் சென்று சமநிலையை அடைந்து அமையும் என மாணவர் பயின்றனர். அதுவரை குற்றமில்லை. ஆனால் தாக்கம் நிகழும்போது இடையிலே தோன்றி மறையும் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரே திசையிற் சென்றே தீரவேண்டும் என விதி கூறவில்லை. கூறாததைக் கூறியதாகக் கொண்டமையே பின்வந்த இடர்ப்பாடுகளுக்கெல்லாம் மூலமாயிற்று.

இரசாயனப் பொருள்களின் அளவு ஏறியும் இறங்கியும் ஊசலாடுதல் கூடும் என்பது கணித அளவில் முன்னரே காட்டப்பட்டிருந்தது. லெம்பெர்க் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய அல்பிரட் லொட்கா 1910 இல் தணிந்து செல்லும் ஊசலாட்டத்தையும், 1920 இல் தணியாத ஊசலாட்டத்தையும் சமன்பாடுகளால் நிறுவினார். பிற்காலத்தில் ஆயுட் காப்புறுதிக் கழகமொன்றிற் கணக்காய்ந்து சீவித்த அவருக்குப் பல்கலைக்கழகப் பீடம் வாய்க்கவில்லை. அவருடைய சமன்பாடுகளை இரசாயனவியலார் பெரிதும் பொருட்படுத்தவுமில்லை. அவை வாழ்வு பெற்றது மீன்களிடையே என்பது விந்தை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அத்திரியாத்திக்குக் கடலில் மீன்பிடி குறைந்தது. அக்காலச் சந்தைக் கணக்குகளை ஆராய்ந்த தங்கோனா என்னும் உயிரியலாளர், பிற மீன்களைத் தின்னும் மீன்களின் விகிதம் அப்போது கூடியிருக்கக் கண்டார். காரணம் வினவப்பட்ட இத்தாலியக் கணித மேதை வொல்தெரா 1926 இல் வகுத்த சமன்பாடுகள் லொட்காவினுடையனவே ஆயின. இரை பெருக வேட்டைமீன் பெருகும். வேட்டைமீன் பெருக இரை குறையும். இரை குறைய வேட்டைமீனும் குறையும். மீண்டும் இரை பெருகும். மீனுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஊசலாட்டம் மூலக்கூற்றுக்கு மறுக்கப்பட்டது.

மறுப்புக்கு முதலில் ஆளானவர் கலிபோர்ணியாவைச் சேர்ந்த பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்து வில்லியம் பிறே. ஐதரசன் பேரொட்சைட்டினை அயடேற்று பிரிகையடையச் செய்யும் தாக்கத்தில் அயடீனின் அளவு மாறிமாறி ஏறி இறங்குதலைக் கண்டு 1921 இல் வெளியிட்டார். லொட்காவின் கணிதத்தையும் அவர் அறிந்திருந்தார். கொள்கையும் பரிசோதனையும் இவ்வாறு கைகோத்த பின்னரும், கரைசலிற் கலந்த தூசியே ஊசலாட்டத்துக்குக் காரணம் எனப் பிறர் கூறினர். விடயம் அத்தோடு அமிழ்ந்தது.

முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே நிகழ்ச்சி வேறொரு நாட்டில், இவையொன்றுக்கும் தொடர்பில்லாத நோக்கோடு ஆய்வு செய்த ஒருவர் கண்ணில் மீண்டும் பட்டது. பொறிஸ் பாவ்லொவிச் பெலூசொவ் 1893 இல் உருசிய நாட்டிற் பிறந்தவர். தமையனோடு சேர்ந்து 1905 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஈடுபட்டு, அதன் பயனாகத் தாய்நாட்டை விட்டுச் சுவிற்சலாந்து சென்று, சூரிக்கு நகரில் இரசாயனம் கற்றார். படிப்பை முடித்தாரேனும் பட்டயம் பெற்றிலர் என்பர். 1914 இல் நாடு திரும்பிய அவர் படைத்துறை ஆய்வுகூடத்தில் அமர்ந்தார். பின்னர்ச் செஞ்சேனை அதிகாரிகளுக்கு இரசாயனம் கற்பித்து உயர்ந்த படைப்பதவியும் எய்தினார். நச்சு வாயுக்களுக்கு மாற்று மருந்து காணுதல் போன்ற மறைபொருளான ஆய்வுகளே அவர் காலத்தை விழுங்கின. ஆதலின் விஞ்ஞான உலகம் அவர் பெயரை அறிந்திலது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ச் சோவியத்து சுகாதார அமைச்சைச் சேர்ந்த உயிர்ப்பௌதிக நிறுவகத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்குத் தலைவராயிருந்தார்.

உயிருள்ள கலத்தில் உணவு எவ்வாறு சத்தியாகின்றது என்பதை விளக்கும் சித்திரிக்கமில வட்டத்தினை ஹான்ஸ் கிரெப்ஸ் 1937 இல் வெளிப்படுத்தியிருந்தார். அவ்வட்டத்தின் ஒரு பகுதியைக் கலத்துக்கு வெளியே, எளிய பொருள்களைக் கொண்டு போன்மை செய்து பார்க்க விழைந்தார் பெலூசொவ். சித்திரிக்கமிலம், அதனை ஒட்சியேற்றப் புரோமேற்று, நொதியத்தின் இடத்தில் ஊக்கியாகச் சீரியம் என்னும் உலோகத்தின் அயன்கள். இவற்றை நீர்த்த சல்பூரிக்கமிலத்திற் கலந்தார். சீரியம் ஒரு நிலையில் மஞ்சள் நிறம் உடையது. மற்றை நிலையில் நிறமற்றது. மஞ்சட் கரைசல் மெல்ல நிறமிழந்து அமையும் என எவரும் எதிர்பார்ப்பர். அது நிறமிழந்தது, ஆயின் அமையவில்லை. சற்றுப் பொழுதில் மீண்டும் மஞ்சளாயிற்று, பின் வெளுத்தது, பின்னரும் மஞ்சளாயிற்று. வெளியிலிருந்து எவரும் தீண்டாத குடுவையொன்று, நாடி துடிப்பது போல, தனக்குரிய கால அளவோடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

பெலூசொவ் இதன் அருமையை உணர்ந்தார். கலவையின் அளவுகளை மாற்றி மாற்றிச் சோதித்து, பொறிமுறை பற்றிய தம் விளக்கத்தையும் சேர்த்து, 1951 இல் ஓர் ஆய்வேட்டுக்கு அனுப்பினார். அவர் கண்டதாகக் கூறுவது நிகழ முடியாததொன்று என்னும் விடையோடு கட்டுரை திரும்பி வந்தது. ஆறாண்டு மேலும் உழைத்து, விரிவான பகுப்பாய்வோடு 1957 இல் வேறோர் ஏட்டுக்கு அனுப்பினார். அவ்வேட்டினர் அதனைச் சிறு குறிப்பாகச் சுருக்கித் தருமாறு கேட்டனர். ஆறாண்டு உழைப்பை ஒரு குறிப்பாக்க அவர் மனம் இசையவில்லை. இனி எங்கும் வெளியிடுவதில்லை எனத் துணிந்தார். சகபாடிகளின் வற்புறுத்தலாற் சுருக்கமொன்று மட்டும், 1958 ஆம் ஆண்டுக்குரிய கதிர்வீச்சு மருத்துவக் கட்டுரைத் தொகுப்பொன்றில் 1959 இல் அச்சேறியது. இரசாயனவியலார் கைதொடாத தொகுப்பு அது.

கிரெப்ஸ் வரலாறும் இவ்விடத்து நினைவுகூரத் தக்கது. பெலூசொவ் போன்மை செய்ய முயன்ற அதே வட்டத்தைப் பற்றிய கட்டுரையை 1937 இல் 'நேச்சர்' என்னும் இலண்டன் வார இதழ் ஏற்கவில்லை. ஏற்கெனவே குவிந்த கட்டுரைகளால் இடமில்லை என்பது அவ்விதழ் கூறிய காரணம். கிரெப்ஸ் வேறோர் ஏட்டில் அவ்வாண்டிலேயே அதனை வெளியிட்டார். 1953 இல் நோபெல் பரிசும் பெற்றார். இடமின்மை நீங்கக் கூடிய தடை. இயலாமை எனக் கூறப்பட்டதோ, கூறியவர் மனம் மாறினாலன்றி நீங்காது.

பெலூசொவின் கட்டுரையைத் தடுத்தவரை மூடரெனக் கூறிப் போதல் பிற்காலத்தார் பலரின் வழக்கம். அது நடுவுநிலை ஆகாது. இரண்டாம் விதியை மீறியதாகக் கூறும் கண்டுபிடிப்புகள் எல்லாக் காலத்தும் மலிந்தவை. அவற்றுள் மிகப் பல பொய். ஓயாது சுழலும் பொறி கண்டேன் என வருபவனை வாயிலிலே நிறுத்தும் ஆசிரியர் தம் கடமையையே செய்கின்றார். இங்குக் குற்றம் பிறிதொன்று. பெலூசொவின் கலவைக்கு வேண்டிய பொருள்கள் சாதாரண ஆய்வுகூடத்து அலுமாரியில் இருப்பன. ஒரு குடுவையும் ஒரு மணி நேரமும் போதும். அவரைப் பொய்யரெனக் காட்டுவதும் மெய்யரெனக் காட்டுவதும் அத்துணை எளிதாயிருந்தும், செய்து பாராமலே விடை எழுதப்பட்டது.

விதி மீறப்பட்டதா எனின், இல்லை. எடை இறங்குதலால் இயங்கும் பழைய சுவர்க்கடிகாரம் இதனைத் தெளிவாக்கும். எடை ஒரே திசையிற் கீழே இறங்கும். ஒருபோதும் தானே ஏறாது. ஆயினும் அதனால் இயக்கப்படும் முள் எண்ணிறந்த முறை வட்டமிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வருகின்றது. எடை தரை தொட்டதும் முள்ளும் நிற்கும். பெலூசொவின் குடுவையில் எடையின் இடத்தில் இருப்பவை புரோமேற்றும் சித்திரிக்கமிலமும். அவை தேய்ந்துகொண்டே போகின்றன, மீள்வதில்லை. முள்ளின் இடத்தில் இருப்பது சீரியம். மூலப்பொருள்கள் தீர்ந்ததும் நிறமாற்றம் ஓயும். தொகுதி சமநிலையைத் தாண்டி அப்பாலும் இப்பாலும் ஆடவில்லை. சமநிலைக்கு நெடுந்தொலைவிலேயே ஆடிற்று. சமநிலைக்கு அருகில் மட்டுமே பழகிய கண்களுக்கு இவ்வேறுபாடு புலப்படவில்லை.

ஏறத்தாழ இதே காலத்தில், பெலூசொவை அறியாமலும் அவரால் அறியப்படாமலும், இங்கிலாந்தின் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் அலன் தியூரிங் இதனோடு உறவுடைய வினா ஒன்றை எழுப்பியிருந்தார். கணிப்பொறிக் கொள்கைக்கு அடியிட்டவர் என உலகறிந்த அவர் 1952 இல் வெளியிட்ட கட்டுரை உயிர்களின் உருத்தோற்றம் பற்றியது. ஒருசீரான முட்டைக் கலத்திரளிலிருந்து வரியும் புள்ளியும் கையும் காலும் எவ்வாறு பிறக்கின்றன? பரவல் வேறுபாடுகளை அழிப்பது, மைத்துளியைக் கரைப்பது. அத்தகைய பரவலே, ஒன்றையொன்று தாக்கும் இரு பொருள்கள் வெவ்வேறு வேகத்திற் பரவுமாயின், வேறுபாட்டைத் தோற்றுவித்து வளர்க்கவும் கூடும் எனக் கணிதத்தால் அவர் காட்டினார். ஒருசீர்மை தானே குலைந்து கோலமாதல் கூடும் என்பது அதன் சாரம். 1954 இல் அவர் இறந்தார். அவர் கூறியவாறு அசையாது நிற்கும் கோலத்தை இரசாயனக் கலவையொன்றில் உண்டாக்கிக் காட்டுவதற்கு, பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர் முயன்று வென்ற 1990 ஆம் ஆண்டு வரை உலகம் காத்திருந்தது.

பெலூசொவின் கலவைக் குறிப்பு இதற்கிடையில் மொஸ்கோ ஆய்வுகூடங்களிற் கைமாறித் திரிந்தது. உயிரியல் நிகழ்ச்சிகளின் கால ஒழுங்கை ஆராய்ந்துகொண்டிருந்த சீமோன் ஷ்னோல் அதன் மூலத்தைத் தேடிப் பெலூசொவை அறிந்தார். தம் மாணவராகிய அனத்தோல் சபொற்றின்ஸ்கியிடம் 1961 இல் அதனை ஆராயுமாறு ஒப்படைத்தார். சபொற்றின்ஸ்கி அப்போது இருபத்துமூன்று வயதினர். சித்திரிக்கமிலத்துக்குப் பதிலாக மலோனிக்கமிலத்தை இட்டு நிறமாற்றத்தைத் தெளிவாக்கி, அளவறிந்து ஆராய்ந்து, 1964 இல் முடிவுகளை வெளியிட்டார். பெரோயின் என்னும் நிறங்காட்டியைச் சேர்த்தபோது வெளிறிய மஞ்சள் போய், செம்மையும் நீலமும் மாறிமாறித் தோன்றும் காட்சி கிடைத்தது. கண்டவர் மறக்கவியலாத காட்சி அது. நம்பாதவரை நம்பச் செய்ததில் அந்நிறங்களின் பங்கும் சிறிதன்று. பெலூசொவும் சபொற்றின்ஸ்கியும் கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர். ஆயின் ஒரே நகரில் வாழ்ந்தும் நேரிற் சந்தித்ததில்லை என்பர்.

1968 இற் பிராகு நகரில் உயிரியல், இரசாயன ஊசலாட்டங்கள் பற்றிய மாநாடு கூடியது. அதன் வாயிலாகவே மேற்குலகத்தார் இத்தாக்கத்தைப் பெரிதும் அறிந்தனர். அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகத்தில் பீல்ட், கொறொஸ், நொய்ஸ் என்னும் மூவர் 1972 இல் அதன் பொறிமுறையை விளக்கினர். விளக்கத்தின் உயிர்நாடி இது: கரைசலிலுள்ள புரோமைட்டு அயன் காவலன் போன்றது. அது போதிய அளவில் உள்ளவரை புரோமசமிலம் என்னும் இடைப்பொருள் பெருகவியலாது. ஆயின் காவல் புரிதலிலேயே காவலன் தேய்கின்றான். ஓர் எல்லைக்குக் கீழ் அவன் குறைந்ததும் புரோமசமிலம் தன்னைத் தானே ஊக்கி மளமளவெனப் பெருகும். சீரியம் ஒட்சியேறி மஞ்சளாகும். மஞ்சட் சீரியம் கரைசலிலுள்ள சேதனப் பொருளைத் தாக்கப் புரோமைட்டு மீண்டும் விடுபடும், காவலன் திரும்புவான், சீரியம் நிறமிழக்கும். பெருக்கமும் அப்பெருக்கமே வருவிக்கும் தடையும் என்னும் இரண்டே இதன் இரகசியம். அத்திரியாத்திக்குக் கடல் மீன்களின் கதையோடு இது எத்துணை ஒத்திருக்கின்றது என்பது வெளிப்படை.

குடுவையைக் குலுக்காமல், கரைசலை மென்படலமாகத் தட்டிற் பரப்பினால் நிகழ்வது இன்னும் வியப்பானது. நிறமாற்றம் எங்கும் ஒருங்கே நிகழாது. புள்ளிகளிற் பிறந்து, குளத்திலிட்ட கல்லைச் சூழ்ந்த வளையங்கள் போல விரிந்து செல்லும். சைக்கினும் சபொற்றின்ஸ்கியும் 1970 இல் இதனை அறிவித்தனர். ஆயின் நீரலைகள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்வன; இவ்வலைகளோ சந்தித்த இடத்தில் இரண்டும் மாயும். ஓர் அலை கடந்த இடம் சிறிது நேரம் ஓய்ந்தாலன்றி மறுபடி தூண்டப்படாமையே காரணம். வளையமொன்று இடையில் அறுபடின், அறுந்த முனை சுருண்டு சுழலத் தொடங்கும். சுருளலைகளை அமெரிக்கரான ஆதர் வின்பிறீ 1972 இல் விரித்து விளக்கினார்.

அச்சுருள்களைக் கண்டு இருதய மருத்துவம் அறிந்தோர் திடுக்குற்றனர். இருதயத் தசையில் மின்றூண்டல் பரவுவதும் இதே இயல்பினது: தூண்டப்பட்ட தசை சிறிது ஓய்ந்தே மீண்டும் தூண்டப்படும். அத்தகைய அலைகளின் கணிதத்தை வீனரும் றோசென்புளூத்தும் மெக்சிக்கோவில் 1946 இலேயே வகுத்திருந்தனர். ஒழுங்காகப் பரவவேண்டிய அலை அறுபட்டுச் சுருளாகச் சுழன்று, பின்னர்ப் பல சுருள்களாக உடைதலே, இருதயம் சுருங்காது நடுங்கி உயிர்போக்கும் நிலைக்கு ஒரு காரணம் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே ஒழுங்கு என்றவுடன் நன்மை எனக் கொள்ளல் வேண்டா. தன்னொழுங்கமைப்பு உயிரைக் காக்கவும் செய்யும், கொல்லவும் செய்யும்.

சளிப்பூஞ்சணம் எனப்படும் மண்வாழ் நுண்ணுயிர்களிடத்தும் அதே வளையங்களும் சுருள்களும் காணப்பட்டன. உணவு உள்ளவரை இவை தனித்தனியே வாழும். உணவு அற்றதும் ஆயிரக்கணக்கில் ஓரிடத்து மொய்த்து ஓருடலாகும். மொய்க்குமாறு முதலில் அழைப்பது யார்? தலைமைக் கலங்கள் சில உளவாதல் வேண்டும் என உயிரியலாளர் தேடினர். தலைவன் வேண்டுவதில்லை, ஒத்த கலங்களின் கூட்டம், இரசாயனக் குறியொன்றை விடுத்தலாலும் அதனை நோக்கி நகர்தலாலும், ஓரெல்லை கடந்ததும் தானே திரண்டுவிடும் என ஈவ்லின் பொக்ஸ் கெல்லரும் லீ சீகலும் 1970 இற் கணித வாயிலாகக் காட்டினர். ஆயினும் தலைமைக் கலத்தைத் தேடுதல் உடனே ஓயவில்லை. கறையான் புற்று பற்றியும் இவ்வாறே ஒரு விளக்கம் 1959 இல் வெளிவந்திருந்தது. கட்டடக் கலைஞன் எவனுமின்றி அத்துணைக் கூடங்களும் வழிகளும் எவ்வாறு எழுகின்றன எனின், முன்னே வைக்கப்பட்ட மண்ணுருண்டையே பின்னே வரும் கறையானை அவ்விடத்து அடுத்த உருண்டையை வைக்கத் தூண்டுகின்றது என்றார் பிரெஞ்சு விலங்கியலாளர் கிறாசே. வேலையே வேலையாளை நடத்துகின்றது.

சிதறிக் கிடந்த இவற்றை ஒரு கொள்கைக்குள் அடக்க முயன்றவருள் முதன்மையானவர் இலியா பிறிகோஜின். 1917 இல் மொஸ்கோவிற் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்த அவர், புறத்திலிருந்து சத்தியும் பொருளும் இடையறாது வந்து செல்லும் தொகுதிகளைப் பிரசெல்சு நகரில் ஆராய்ந்தார். அத்தொகுதி சமநிலைக்கு அருகில் இருப்பின் புதுமை ஒன்றும் தோன்றாது. தொலைவிற் செலுத்தப்பட்டு ஓரெல்லையைக் கடப்பின், சிறு அசைவொன்று பெருகிப் புதிய ஒழுங்காக நிலைபெறலாம். அவ்வொழுங்கு சத்தியைச் சிதறச் செய்தே வாழ்வது. சத்தி வரவு நிற்பின் அழிவது. அவரும் லெபெவரும் 1968 இல் வெளியிட்ட எளிய மாதிரி இன்றும் மாணவர் பயில்வது. 1977 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. சமுதாயம், வரலாறு, பொருளாதாரம் என்பவற்றுக்கும் இக்கொள்கையை நீட்டுவாரும் பின்னர்ப் பலராயினர். அவ்விடங்களிற் சமன்பாடு பெரும்பாலும் உவமையாகத் தேய்ந்துவிடுதலால், அத்தகைய கூற்றுக்களை இரசாயனக் குடுவையின் உறுதியோடு ஏற்றல் இயலாது. கொள்கை நிறைந்த நூல்கள் பெருகின என்பதற்காகக் குடுவையின் சான்று பெருகிவிடவில்லை.

பெலூசொவ் இவற்றுட் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. 1970 இல், அலைவளையங்கள் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே, அவர் இறந்தார். 1980 இல் லெனின் பரிசு ஐவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது சபொற்றின்ஸ்கி, சைக்கின், இவானித்ஸ்கி, கிறின்ஸ்கி என்போரோடு இறந்தவராகிய அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. தாக்கம் இன்று பெலூசொவ்–சபொற்றின்ஸ்கி தாக்கம் எனவே வழங்குகின்றது. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிற் புதுமுக மாணவர்க்கும் அதனைச் செய்து காட்டுகின்றனர். நிகழ முடியாதது எனத் திருப்பப்பட்ட 1951 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி, இரசாயன ஊசலாட்டங்கள் பற்றிய தொகுப்பு நூலொன்றின் பின்னிணைப்பாக, 1985 இல் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்தது.